திலக் நகர் கொலுவும் ஆறு பங்க் ரிக்கார்டுகளும்

வியாழன் காலை மெட்ராஸ் சென்ட்ரலில் தாதர் எக்ஸ்பிரஸ் ஏறியபோது என் பையில் இரண்டு பேண்ட், மூன்று சட்டை, பத்து காலி கேசட்டுகள் இருந்தன. பம்பாய் வரை ஏறக்குறைய 1,280 கிலோமீட்டர். இரண்டாம் வகுப்பில் படுத்துக்கொண்டு போக நூற்றுப் பத்து ரூபாய் சொச்சம். 1986 நவராத்திரி சமயம் என்பதால் பெட்டி நிறையக் கூட்டம். "என்ன விசேஷமா பம்பாய்க்கு?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஆபீஸ் வேலை என்று ஒரு பொய்யைத் தயாராக வைத்திருந்தேன். ஒரே ஒரு இசைத்தட்டைக் கேட்க ஒரு முழு நாள் ரயிலில் போகிறவனை, அதுவும் முப்பத்தாறு வயதில், யாரும் மரியாதையாகப் பார்க்க மாட்டார்கள். பெரம்பூரில் என் மனைவி சரோஜாவுக்கு மட்டும் உண்மை தெரியும். எலுமிச்சம்பழச் சாதம் கட்டிக் கொடுத்தாள். வேறொன்றும் சொல்லவில்லை.

இசைத்தட்டு என்றதும் கச்சேரி என்று நினைத்துவிட வேண்டாம். இது பங்க் ராக். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: மூன்று நான்கு பையன்கள் கிடாரும் டிரம்ஸும் வைத்துக்கொண்டு, இரண்டு நிமிடத்துக்குள், ஊரிலுள்ள பெரிய மனிதர்கள் அத்தனை பேரையும் திட்டி முடித்துவிடுவார்கள். லண்டன் பக்கம் பத்து வருடம் முன்னால் கிளம்பியது. சுருதி, தாளம் என்று கேட்டால் அடிக்க வருவார்கள். நான் டிராயிங் ஆபீஸில் கோடு போட்டுச் சம்பளம் வாங்குகிறவன். இதுவரை யாரையும் உரக்கத் திட்டியதில்லை. அதனால்தானோ என்னவோ எனக்கு இதன் மேல் பைத்தியம் பிடித்தது.

என்னைப் போன்ற இன்னொரு பைத்தியம் செம்பூர் பக்கம் திலக் நகரில் இருக்கிறார் என்பது ஒரு பத்திரிகையின் பேனா நண்பர் பகுதி மூலம் தெரிந்தது. வைத்தியநாதன். பூர்வீகம் பாலக்காடு, இன்ஷூரன்ஸ் ஆபீஸில் கிளார்க். மூன்று வருடமாக எங்களுக்குள் கேசட்டுகள் தபாலில் போய் வருகின்றன. கோட்டைப் பக்கத்து நடைபாதையில், கப்பலில் வேலை செய்கிறவர்கள் விற்றுவிட்டுப் போகும் சாமான்களுக்கு நடுவே, ஆறு பங்க் ரிக்கார்டுகளைப் பொறுக்கி வைத்திருந்தார் மனிதர். ஐந்தைப் பதிவு செய்து அனுப்பினார். ஆறாவதை மட்டும் மறுத்துவிட்டார். 'இதை முதல் தடவை கேசட்டில் கேட்பது பாவம். நேரில் வந்து ரிக்கார்டிலேயே கேளுங்கள்' என்று எழுதினார். அந்தக் குழுவின் பெயரை இங்கே எழுதலாம் என்றால், அது நாலு பேர் நடுவே சொல்லக்கூடிய பெயராக இல்லை.

வெள்ளி காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு தாதர். அடையாளத்துக்கு கையில் ஒரு பொம்மை வைத்திருப்பேன் என்று வைத்தி எழுதியிருந்தார். வைத்திருந்தார். ஆபீஸ் சட்டை, நெற்றியில் விபூதி, வலது கையில் ஊதா நிறக் கவசம் அணிந்த நாலங்குலப் பிளாஸ்டிக் வீரன். போகிற வருகிற கூட்டம் அவரைச் சுற்றிக்கொண்டு போயிற்று.

"இது மஸ்கட்லேர்ந்து பக்கத்தாத்துக்காரர் கொண்டு வந்தது. முட்டி, முழங்கை எல்லாம் மடங்கும், பாருங்கோ," என்று அங்கேயே பிளாட்பாரத்தில் மடக்கிக் காட்டினார். இந்த மாதிரி இருபத்து மூன்று வைத்திருக்கிறாராம். எனக்குப் பொம்மைகளில் அவ்வளவு ஈடுபாடு இல்லை. ஆனால் ரிக்கார்டுக்காக வந்தவனுக்குப் பொம்மைக்காரனைப் பார்த்துச் சிரிக்க யோக்கியதை இல்லை என்பதால் நானும் ஒரு முறை மடக்கிப் பார்த்தேன்.

மாட்டுங்காவில் இறங்கி டிபன் சாப்பிட்டோம். இட்லி ஒரு பிளேட் இரண்டு ரூபாய், காபி ஒன்றேகால். ஸ்டேஷனுக்கு வெளியே வாழை இலை, மாவிலைக் கொத்து, மல்லிகைப்பூ, அப்பளக் கட்டு, தாழம்பூக் குங்குமம் எல்லாம் விற்கிறார்கள். மயிலாப்பூரில் ஒரு பாதியை வெட்டி இங்கே வைத்தது போல இருக்கிறது, விலை மட்டும் ஒன்றரை மடங்கு. வைத்தி ஒரு கடையில் நூறு கிராம் வேப்பம்பூ வாங்கினார்.

"ரசத்துக்கா?" என்றேன்.

"பீருக்கு," என்றார், குரலைத் தாழ்த்தாமலே. "பீர்ல கசப்புக்கு ஒரு பூ போடணும். வெள்ளைக்காரா போடற பூ இங்கே கிடைக்காது. நாலு மாசம் எதையெல்லாமோ போட்டுப் பார்த்துட்டு இதுக்கு வந்து நின்னேன். பார்லியை நானே முளை கட்டி, காய வெச்சு, வறுத்து எடுக்கறேன். அம்மா கல்லடைப்புக்குப் பார்லி கஞ்சின்னு நினைச்சிண்டிருக்கா."

"யாருக்குக் கல்லடைப்பு?"

"அதை இதுவரைக்கும் அவ கேக்கலை."

அங்கிருந்து குர்லா வரை ஒரு ரயில், குர்லாவில் மாறி அடுத்த ஸ்டேஷன் திலக் நகர். மாறும் இடத்தில் மேம்பாலப் படியில் என் கால்கள் தரையில் படவில்லை, கூட்டமே தூக்கிக்கொண்டு போய் இறக்கிவிட்டது. வீடு ஹவுசிங் போர்டு கட்டடத்தில் இரண்டாவது மாடி. ஒரு கூடம், சமையலறை, வைத்திக்கென்று ஒரு சின்ன அறை. வாஷியில் ஒரு ஃபிளாட்டுக்குப் பணம் கட்டியிருக்கிறார்களாம், அங்கே ரயில் போகும் காலத்தில் குடி போவார்களாம்.

வைத்தியின் அம்மா வாசலுக்கே வந்தார். அறுபது இருக்கும். ஒல்லி. "வாங்கோ, வாங்கோ. இவன் லெட்டர் எழுதற ஆள் நிஜமாவே ஒருத்தர் இருக்கேளா? நான் இவனே எழுதிப் போட்டுக்கறான்னு நினைச்சேன்," என்றார். கூடத்தில் ஏழு படி கொலு. மேல்படிகளில் வழக்கமான தெய்வங்கள். கீழ்ப்படியில் பூங்கா, குளம், அதைச் சுற்றி மஸ்கட் வீரர்கள் இருபத்திரண்டு பேர். துப்பாக்கி தொலைந்துபோன ஒருவன் கையில் ஒரு சின்னப் பித்தளைக் கரண்டியைச் செருகியிருந்தார்.

"வெறுங்கையா நிக்கறானேன்னு குடுத்தேன்," என்றார் மாமி. "இப்போ பரிமாற ஆள் ஆச்சு."

வைத்தி தன் கையிலிருந்த ஊதா வீரனையும் வரிசையில் நிறுத்திவிட்டு ஆபீஸுக்குப் போனார். நான் குளித்து, சாப்பிட்டு, நன்றாகத் தூங்கினேன்.

வெள்ளி மாலை ஆறரை மணி. கூடம் முழுக்கப் பெண்கள். வெற்றிலை பாக்கு, சுண்டல், யாராவது ஒரு பாட்டுப் பாடு என்ற உபசாரம். ஆண்கள் இருவருக்கும் பால்கனிதான் இடம். வைத்தி ஊறுகாய் ஜாடியிலிருந்து இரண்டு எவர்சில்வர் டம்ளர்களில் தன் பீரை ஊற்றிக்கொண்டு வந்தார். பழுப்பு நிறம், மேலே ஒரு விரல் நுரை. முதல் மடக்கில் வறுத்த தானிய வாசனை, அப்புறம் மெல்லிய புளிப்பு, கடைசியில் நாக்கின் அடியில் வேப்பம்பூ வந்து உட்கார்ந்துகொள்கிறது. இந்த ஊரில் குடிக்க பர்மிட் வேண்டும், காய்ச்சுவது அதைவிடப் பெரிய குற்றம். ஆனாலும் உண்மையைச் சொல்கிறேன், கடைகளில் விற்கும் எந்தப் பீரும் இதன் பக்கத்தில் நிற்காது. ஒருவன் நாலு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டது அந்த டம்ளரில் தெரிந்தது.

ரிக்கார்டை எப்போது கேட்பது என்றேன். அப்போதுதான் ஒரு விஷயம் சொன்னார். போன வருடம் பெண் வீட்டார் அவரைப் பார்க்க வந்தார்களாம். பெண்ணின் அப்பா பெரிய சங்கீத ரசிகர், வந்ததும் ரிக்கார்டு அலமாரி பக்கம் போவார் என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டது. பங்க் ரிக்கார்டுகளின் அட்டைகளில் தலைமுடியை முள்ளாக நிறுத்திய பையன்களும் அவர்கள் காட்டும் விரல்களும் இருந்தன. வைத்தி அவசரத்தில் தட்டுகளை மாற்றிவிட்டார். காலமான தன் அப்பா வாங்கி வைத்திருந்த ஆறு அம்மன் பாட்டு ரிக்கார்டுகளை உருவி முள்முடி அட்டைகளில் போட்டுக் கட்டிலுக்கடியில் டிரங்குப் பெட்டிக்குள் வைத்தார். பங்க் ரிக்கார்டுகள் அம்மன் அட்டைகளுக்குள் போய் அலமாரியில் உட்கார்ந்துகொண்டன. சம்பந்தம் கூடி வரவில்லை. தட்டுகளைத் திரும்ப மாற்றவும் இல்லை.

"ஏன்?"

"சாமி அட்டையை யாரும் தொட மாட்டா. இதைவிட நல்ல இடம் கிடைக்குமா?" என்றார். "நாளைக் கார்த்தால லீவு போட்டிருக்கேன். அம்மா கோயிலுக்குப் போனதும் போடலாம்."

சனி காலை ஏழரை. மாமி கோயிலுக்குக் கிளம்பினார். வைத்தி தன் அறைக் கதவைச் சாத்தி, பிளேயர் மேலிருந்த துணியை எடுத்து, எனக்கு ஒரு ஹெட்போனை மாட்டிவிட்டு அலமாரியைத் திறந்தார். வெகு நேரம் திறந்தபடியே நின்றார். அலமாரியில் ஒன்றும் இல்லை.

மாமி மாடிப்படியில் இரண்டு திருப்பம்தான் இறங்கியிருந்தார். வைத்தி மேலிருந்தே கேட்டார். "அந்த ரிக்கார்டா? வியாழக்கிழமையே பந்தல் கமிட்டிக்குக் குடுத்துட்டேனே. நம்ம மைதானத்துப் பந்தல்ல இன்னிக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குப் போடறா. செக்ரட்டரி போர்டிலயே எழுதிட்டாராக்கும்," என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஓடிப்போய்ப் பார்த்தோம். கட்டட வாசல் கரும்பலகையில் கொட்டை எழுத்து: 'இன்று மாலை 6 மணிக்கு: இரண்டாம் மாடி மாமி அன்புடன் வழங்கும் அம்மன் பாடல்கள். அனைவரும் வருக.' வைத்தியின் முகம் வெளுத்துவிட்டது. காலனி முழுக்க நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும்போது, நாலு ஹாரன் ஸ்பீக்கரில், மாமி பெயரைச் சொல்லி, லண்டன் பையன்கள் ராணியைத் திட்ட ஆரம்பித்தால் என்ன ஆகும்? எனக்குச் சிரிப்பு வந்தது. வைத்தியைப் பார்த்ததும் நின்றுபோயிற்று. "என்னை என்ன வேணா சொல்லட்டும், ஸார். அவ பேர் போர்டுல இருக்கு," என்றார்.

செக்ரட்டரி வீட்டில் விசாரித்ததில் ரிக்கார்டுகள் தாராவியில் இருப்பது தெரிந்தது. மைக் செட் வாடகைக்கு விடும் காதர் பாய் வசம். அவர் மாலை நாலு மணிக்கு டெம்போவில் சாமானுடன் வந்துவிடுவார், நேரே பந்தலில் போட வேண்டியதுதான் பாக்கி என்றார்கள். டிரங்குப் பெட்டியிலிருந்து அம்மன் தட்டுகளை முள்முடி அட்டைகளோடு ஒரு ஜோல்னாப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினோம்.

குர்லா போய் மாறி, சயானில் இறங்கினோம். அங்கிருந்து தாராவிக்குள் நடை, இருபது நிமிடம். தோல் வாசனை, அதைத் தாண்டினால் பிஸ்கட் சுடும் வாசனை, அப்புறம் உருகும் பிளாஸ்டிக். தையல் மிஷின்கள் மாடியில் ஓடும் சத்தம் தெருவில் மழை போல விழுகிறது. எதிரே வருகிறவர்கள் பேசுவது பாதிக்குப் பாதி திருநெல்வேலித் தமிழ். ஒரு பட்டறையில் சீப்பும் பொம்மையும் வார்க்கிறார்கள். மஸ்கட் வீரனைப் பார்த்து அச்சு எடுத்த நகல்கள் டஜன் மூன்று ரூபாய். அச்சில் பிளாஸ்டிக் சரியாக ஏறாததால் ஒவ்வொரு முகமும் ஒவ்வொரு மாதிரி இருக்கும், அசலைவிட இவைதான் அருமை என்று இந்த அவசரத்திலும் வைத்தி எனக்கு விளக்கினார்.

காதர் பாயின் கடை ஒரு சந்தின் முனையில். வாசலில் ஹாரன்கள் கவிழ்த்து அடுக்கியிருந்தன. உள்ளே ஐம்பதை நெருங்கும் ஒரு மனிதர், லுங்கியும் பனியனுமாக, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் ஒரு ஆம்ப்ளிஃபயர் குடல் வெளியே வந்து கிடந்தது. பக்கத்தில் ஒரு ரிக்கார்டு பிளேயர் தட்டு தனி, மோட்டார் தனியாக.

"திலக் நகரா? வாங்க, உக்காருங்க," என்றார். "நானே ஆள் அனுப்பலாம்னு இருந்தேன். சாயங்காலம் செட்டு கரெக்டா வந்துரும். ஆனா அந்த அம்மா ரிக்கார்டு மட்டும் முடியாது போலருக்கு. மெஷின் போயிட்டு."

"என்ன ஆச்சு பாய்?"

"நாலு வருசமா எல்லாம் கேசட்டுதான, பாத்துக்கிடுங்க. அவுக ஆசையாக் குடுத்தாவளேன்னு பிளேயரைப் பரண்ல இருந்து எறக்கித் தொடச்சு, நேத்து காலைல ஒண்ணைப் போட்டேன். ஒரே கரகரப்பு. பேய் வெரட்டுன மாதிரி ஓடுது. சரி, மோட்டார் வேகம்னு சொல்லி, தட்டைச் சுத்துற புல்லியை அரம் வச்சு லேசாத் தேச்சேன். மெதுவாப் போச்சு. அப்பவும் சாமி பாட்டு வரல. இன்னொண்ணு போட்டேன், அதுவும் அப்படித்தான். ஊசியை மாத்துனேன். கடைசில ஆம்ப்ளிஃபயர்லதான் கோளாறுன்னு கழட்டிப் போட்டாச்சு. ரெண்டு டிரான்சிஸ்டர் புதுசு. நேத்தைல இருந்து சோறு தண்ணி சரியாயில்ல எனக்கு."

"பாடற பாஷையிலயே தெரியலையா?" என்று கேட்டுவிட்டேன்.

"மோட்டார் கெட்டுப்போனா எந்தப் பாஷைதான் வெளங்கும்? அட்டைல அம்மன் இருக்குல்லா. அட்டையை நம்புவேனா, மெஷினை நம்புவேனா?"

வைத்தி தரையில் அவருக்கு எதிரே உட்கார்ந்துகொண்டார். "பாய், மன்னிச்சுக்கணும். உங்க மெஷின்ல ஒண்ணும் இல்லை. அட்டைதான் பொய். அது வேற ரிக்கார்டு. அந்தப் பாட்டே அப்படித்தான் இருக்கும்."

காதர் பாய் ஆம்ப்ளிஃபயரின் குடலைப் பார்த்தார். "பாட்டே அப்படியா?"

"ஆமாம்."

"இந்தக் கரகரப்பு?"

"வேணும்னேதான் வெப்பா."

"காசு குடுத்து வாங்குனதா?"

"ஆமாம் பாய்."

கையிலிருந்த சால்டரிங் இரும்பைக் கீழே வைத்தார். "இருவத்தி மூணு வருசமா எனக்குக் கூலியே கரகரப்பை எடுக்கத்தான். மேலப்பாளையத்துல கத்துக்கிட்டு இங்க வந்தேன். ஒருத்தன் அதையே பாட்டாப் போட்டு விக்கான்னா..." அவருக்குக் கோபம் வரும், வந்தால் நியாயம்தான் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் வைத்தியின் பையிலிருந்து எட்டிப் பார்த்த முள்முடி அட்டையை வாங்கி, அந்தப் பையன்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "சின்னப் பயலுவ," என்றார். பிறகு, "மணி பத்தே கால். நாலுக்குள்ள மாட்டிரலாம். ஆனா புல்லியைத் தேச்சுட்டேனே. அந்த அம்மா பாட்டு இப்பம் இழுவையால்லா ஓடும்."

ஆம்ப்ளிஃபயரைச் சேர்க்கப் பன்னிரண்டரை ஆயிற்று. வைத்தி டார்ச் பிடித்தார், நான் திருகாணிகளைப் பொறுக்கிக் கொடுத்தேன். எங்கள் பையில் மதியத்துக்கென்று ஒரு பாட்டில் வேப்பம்பூப் பீர் இருந்தது. வைத்தி எடுத்து நீட்டியதும் பாய், "இதுல சரக்கு உண்டா?" என்றார். "கொஞ்சம் உண்டு," என்றார் வைத்தி, பொய் சொல்லாமல். "அப்பம் எனக்கு வேண்டாம், நீங்க குடிங்க," என்று சொல்லிவிட்டு அவர் எங்களுக்கும் சேர்த்து அரை கிளாஸ் கட்டிங் சாயா மூன்று வரவழைத்தார். பாட்டில் திரும்பப் பைக்குள் போயிற்று.

புல்லிக்கு வழி கண்டுபிடித்ததும் பாய்தான். தேய்ந்த இடத்தில் மெல்லிய செல்லோ டேப்பைச் சுற்றினால் பருமன் கூடும், வேகமும் கூடும். எத்தனை சுற்று என்பதுதான் கேள்வி. வேகத்தை அளக்கும் கருவி அவரிடம் இல்லை. "பாட்டு சரியா ஓடுதான்னு காதால சொல்லணும். அம்மன் பாட்டை நல்லாக் கேட்டுப் பழகுனவங்க யாராச்சும் உண்டுமா?" என்றார்.

வைத்தி என்னைப் பார்த்தார். தன் அம்மாவின் ரிக்கார்டுகளை அவர் காது கொடுத்துக் கேட்டதே இல்லை. "அது எனக்குத் தெரியாது. ஆனா இது தெரியும்," என்று நான் தேடி வந்த அந்த ஆறாவது ரிக்கார்டை அம்மன் அட்டையிலிருந்து உருவினார். "முதல் பாட்டு ரெண்டு நிமிஷம் பதினோரு செகண்ட். லேபிள்லயே போட்டிருக்கு. எனக்கு மூச்சு விடற இடம்கூடத் தெரியும்."

இப்படித்தான் நான் அந்த ரிக்கார்டை முதன்முதலில் கேட்டேன். ஹெட்போனில் இல்லை. தாராவிச் சந்தில், உச்சி வெயிலில், வாசலில் கவிழ்த்த ஒரு ஹாரன் வழியாக, தப்பான வேகத்தில். பாயின் ஊசி தட்டில் இறங்கியபோது வைத்தி கண்ணை மூடிக்கொண்டார். டேப் இல்லாமல் இரண்டு நிமிடம் முப்பத்தெட்டு. பாடுகிறவனுக்குத் தூக்கம் வந்தது போலிருந்தது. ஒரு சுற்று டேப், இரண்டு இருபத்தாறு. இரண்டாவது சுற்று, இரண்டு பதினேழு. எதிர்ப் பட்டறையில் மிஷினை நிறுத்திவிட்டு ஒருவர் வந்து, "பாய், லைன்ல கரண்ட் அடிக்கா?" என்றார். "இல்லடே. பாட்டே அப்படித்தான்," என்றார் காதர் பாய், முழுக்கத் தெரிந்தவர் போல.

மூன்றாவது சுற்றில் சரியாக இரண்டு பதினொன்று. அந்த முறை கேட்டதை நான் மறக்க மாட்டேன். கிடார் தகரத்தை அறுப்பது போல ஆரம்பித்தது. அந்தப் பையன் யாரையோ பிடித்து உலுக்கிக் கேட்பது போல கத்தினான். சந்தில் தோல் மூட்டை தூக்கிப் போனவர் நடை மாறாமல் போனார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கேசட் பதிவு செய்ய வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை. பாய் கடியாரத்தைப் பார்த்து, "ரெண்டு நிமிசத்துல முடிஞ்சுருது, டெஸ்டுக்கு நல்ல வசதி. அம்மன் பாட்டுன்னா சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருக்கணும்," என்றார். தட்டுகளை அதனதன் அட்டைக்கு மாற்றினோம். டேப்புக்கும் டிரான்சிஸ்டருக்கும் காசு கொடுக்கப் போனபோது பாய் வாங்கவில்லை.

சனி மாலை ஆறு மணி. திலக் நகர் மைதானப் பந்தல், மடக்கு நாற்காலிகள் நூறுக்கு மேல். மாமி பட்டுப்புடவை கட்டி முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். காதர் பாய் தலையில் தொப்பியுடன் மேடைக்குப் பின்னால் இருந்து எங்களைப் பார்த்துத் தலையசைத்தார். ஊசி இறங்கியது. மெல்ல ஒரு தம்பூரா, பின் ஒரு பெண் குரல். வேகம் கச்சிதமாக இருந்தது. மாமியின் உதடுகள் கூடவே அசைந்தன. வைத்தி தண்ணீர்ச் சொம்புடன் வந்து எங்கள் நாற்காலிகளுக்குப் பின்னால் நின்றதை அவர் கவனிக்கவில்லை.

பக்கம் திருப்பும் இடைவேளையில், சும்மா பேச்சுக்கு, "வீட்டு ரிக்கார்டைப் போய்ப் பொதுவுக்குக் கொடுத்துவிட்டீர்களே மாமி," என்றேன்.

"ஆத்துல இருந்தா கேக்க முடியலையே," என்றார். "அவர் இருந்தப்போ ஞாயித்துக்கிழமை கார்த்தால போடுவார். இப்போ பாட்டுப் பெட்டி வைத்தி ரூம்ல. கதவைச் சாத்திண்டு, காதுல மாட்டிண்டு ஒக்காந்திருப்பான். போடுடான்னா போடுவான், நல்ல பிள்ளைதான். ஆனா அவன் கேக்கறதை நிறுத்தி என்னோடதைப் போடச் சொல்ல எனக்கு வாய் வரலை. ஆறு வருஷம் போயாச்சு. இங்கே குடுத்தா எல்லாரோடயும் ஒக்காந்து கேக்கலாமேன்னு தோணித்து. அதாக்கும் குடுத்தேன்."

இரண்டாம் பக்கம் ஆரம்பித்தது. நான் திரும்பிப் பார்த்தேன். வைத்தி சொம்பைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. கடைசி ரிக்கார்டு முடியும் வரை அந்த இடத்தை விட்டு அவர் நகரவில்லை. வீட்டுக்கு நடந்து வரும் வழியில் அம்மாவிடம் அட்டை மாற்றிய கதை முழுவதையும் சொன்னார். பீரையும் சேர்த்தே சொல்லிவிட்டார். "அந்த வாசனை கஞ்சி வாசனை இல்லைன்னு எனக்குத் தெரியாதாடா," என்று மட்டும் சொன்னார் மாமி.

ஞாயிறு காலை எட்டு மணி. நான் குளித்துவிட்டு வந்தபோது பிளேயர் கூடத்துக்கு வந்திருந்தது, கொலுவுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி மேல். வைத்தி அம்மாவுக்கு ஊசியை இறக்கக் கற்றுக்கொடுத்துக் கொண்டிருந்தார். இரண்டு தரம் ஊசி விளிம்பில் வழுக்கியது, மூன்றாம் தரம் மாமி சரியாக இறக்கினார். ஒரு பக்கம் கேட்டு முடித்ததும், "சரி, இப்போ உன்னோடதைப் போடு. வருஷக் கணக்காக் காதுல மாட்டிண்டு என்னதான் கேக்கறேன்னு நானும் பார்க்கறேன்," என்றார்.

வைத்தி தயங்கினார். பிறகு ஆறாவது ரிக்கார்டையே போட்டார். மாமி பீன்ஸ் நறுக்கிக்கொண்டே ஒரு பக்கம் முழுவதையும் கேட்டார். பதினேழு நிமிடம். நடுவில் ஒரு முறைகூட முகம் சுளிக்கவில்லை. முடிந்ததும் அரிவாள்மணையை மடக்கினார்.

"பாவம். இவா சொன்னதை யாருமே காது குடுத்துக் கேட்டிருக்க மாட்டா. இல்லேன்னா இப்படிக் கத்துவாளா?" என்றார்.

வைத்தி தட்டை எடுத்து அட்டைக்குள் போட்டார். நானும் இந்த மாதிரிப் பாட்டுகளுக்கு எத்தனையோ வியாக்கியானம் படித்திருக்கிறேன், எதிலும் இது இல்லை.

அன்று பிற்பகல் தாதரில் என்னை ரயிலேற்றிவிட வைத்தியோடு மாமியும் வந்தார். கையில் தயிர்சாதப் பொட்டலம். பத்து கேசட்டும் காலியாகவே திரும்பின. ரயில் கல்யாண் தாண்டி மலையேறும்போது பெரம்பூர் வீட்டை நினைத்துப் பார்த்தேன். அங்கேயும் பிளேயர் என் அறையில்தான் இருக்கிறது. அங்கேயும் கதவு சாத்தித்தான் இருக்கும். சரோஜா ஒரு நாளும் ஒன்றும் சொன்னதில்லை என்று நண்பர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். அந்தப் பெருமையை இப்போது நினைக்க வெட்கமாக இருந்தது.

திங்கள் மாலை வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றியதும் அவளிடம், "உனக்கு என்ன பாட்டு பிடிக்கும்?" என்று கேட்டேன்.

"ஏன், பம்பாய்ல ஏதாவது பண்ணிட்டு வந்தீங்களா?" என்றாள்.

"இல்லை, சும்மா கேட்கிறேன். என்ன பாட்டு?"

சரோஜா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு என் எதிரே வந்து நின்றாள். எங்களுக்குக் கல்யாணமாகி எட்டு வருடம். அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள், பிறகு நிறுத்திவிட்டு யோசித்தாள். "நெஜமாவே கேக்கறீங்களா?" என்றாள். ஆமாம் என்றேன். "எனக்கே மறந்துபோச்சுங்க. ரெண்டு நாள் டைம் குடுங்க," என்றாள்.